'வில்' போட்டால் போதுமா? ஆங்கிலத்தில் எதிர்காலம்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கில வினைச்சொல்லை எதிர்காலத்தில் எப்படிச் சொல்வது என்பது பற்றி வந்த கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகள் இவை. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் பிடிபடும்.

கேள்வி: 'வில்', 'ஷல்' போட்டால் எதிர்காலம் என்று பள்ளியில் படித்தேன். ஆங்கிலச் செய்தி கேட்டால் ஒரே ஆள் ஒரு இடத்தில் 'வில்' என்கிறார், இன்னொரு இடத்தில் 'கோயிங் டு' என்கிறார், வேறொரு இடத்தில் இரண்டுமே இல்லாமல் நாளை நடப்பதைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் மொத்தம் எத்தனை எதிர்காலம்? – வாசகி, தேனி

பதில்: வினைச்சொல்லின் உருவத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒன்றுகூட இல்லை. 'வாக்' என்றால் நிகழ்காலம், 'வாக்ட்' என்றால் இறந்தகாலம். மூன்றாவதாக நாளைக்கென்று ஒரு விகுதி ஆங்கில வினைக்குக் கிடையாது. நமக்கு 'செய்வேன்' என்பதில் 'வ்', 'படிப்பேன்' என்பதில் 'ப்' என்று சொல்லுக்குள்ளேயே காலம் உட்கார்ந்திருக்கிறது. நன்னூல் இவற்றை எதிர்கால இடைநிலைகள் என்கிறது. அந்த வசதி இல்லாத ஆங்கிலம் வேறு சொற்களைத் துணைக்குக் கூப்பிட்டு நாளையைச் சொல்கிறது. எந்தச் சொல் துணைக்கு வரும் என்பதற்கும், அந்த நாள் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பதற்கும் சம்பந்தமில்லை. நடக்கப்போவதைச் சொல்ல உங்கள் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

தொலைபேசி அடிக்கிறது, "நான் எடுக்கிறேன்" என்று எழுகிறீர்கள். முடிவு அந்த நொடியில் பிறந்தது. ஆங்கிலத்தில் "ஐ வில் கெட் இட்". மொட்டை மாடியில் ஓர் அறை கட்டுவதென்று வீட்டில் ஏற்கெனவே முடிவெடுத்தாகிவிட்டது என்றால் "வி ஆர் கோயிங் டு பில்ட் எ ரூம்". பல் டாக்டரிடம் நாளை 11 மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது, அவருடைய நோட்டிலும் உங்கள் பெயர் ஏறிவிட்டது என்றால் "ஐ ஆம் சீயிங் த டென்டிஸ்ட் அட் லெவன் டுமாரோ". ரயில் இரவு 9 மணிக்கு என்று கால அட்டவணையிலேயே அச்சாகியிருந்தால் "த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன்".

முதல் உதாரணத்தை இன்னொரு முறை பாருங்கள். தமிழில் "எடுப்பேன்" என்று யாரும் சொல்வதில்லை, "எடுக்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். "நான் பார்த்துக்கிறேன்", "சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன்", "அப்புறம் பேசுறேன்" எல்லாமே அப்படித்தான். இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'வில்' வேண்டும். "ஐ கால் யூ லேட்டர்", "ஐ ஆம் கிவிங் யூ இன் த ஈவினிங்" என்று பலர் தடுமாறுவது, தமிழ் விகுதியை அப்படியே ஆங்கிலத்தில் தேடுவதால்தான். "அப்புறம் கூப்பிடுறேன்" என்பதற்கு "ஐ வில் கால் யூ லேட்டர்" ஒன்றே சரி.

கேள்வி: அலுவலகத்தில் மேலாளரிடம் "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே" என்றேன். "அப்படியென்றால் இன்று எழவில்லையா?" என்று கேட்டார். என்ன தவறு? – வாசகர், ஓசூர்

பதில்: "அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார்" என்று மனதில் ஓடியதை அப்படியே ஆங்கிலமாக்கியிருக்கிறீர்கள். தமிழ் பேசுபவர்களின் ஆங்கிலத்தில் 'வில்' சம்பந்தமாக நடக்கும் தவறுகளில் மிகப் பரவலானது இதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் திரும்பவும் வராது.

தமிழின் எதிர்கால வடிவம் எதிர்காலத்துக்கு மட்டும் உரியதல்ல. "தாத்தா வெற்றிலை போடுவார்", "பசு புல் தின்னும்", "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்", "இந்தக் கடையில் நல்ல முறுக்கு கிடைக்கும்" இவை எதுவும் நாளைய செய்தி இல்லை. வழக்கத்தையும் இயல்பையும் பொது உண்மையையும் சொல்லத் தமிழ் இந்த வடிவத்தைத்தான் எடுக்கிறது. பழந்தமிழில் முடிந்தது ஒரு பக்கம், முடியாதது இன்னொரு பக்கம் என்ற பிரிவுதான் அடிப்படை. 'கிறு', 'கின்று' சேர்ந்த நிகழ்கால வினைகள் பின்னால் பெருகின. 'செய்யும்' என்ற வடிவத்தைத் தொல்காப்பியம் நிகழ்காலத்தோடு சேர்த்துப் பேசுவதும் இதனால்தான். ஆகவே "எழுந்திருப்பார்" என்று நீங்கள் நினைத்ததில் தமிழ்ப் பிழை எதுவும் இல்லை.

ஆங்கிலம் வழக்கத்துக்கும் பொது உண்மைக்கும் சாதாரண நிகழ்காலத்தை வைத்திருக்கிறது: "மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்", "வாட்டர் பாயில்ஸ் அட் எ ஹன்ட்ரட் டிகிரீஸ்", "யூ கெட் குட் முறுக்கு இன் திஸ் ஷாப்". 'கெட்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' மறக்கக் கூடாது. 'வில்' போட்டுப் பேசிப் பழகியவர்கள் அதை எடுத்துவிட்டு "மை ஃபாதர் கெட் அப்" என்று அடுத்த தவறுக்குப் போவதுண்டு.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் 'தினமும்', 'எப்போதும்', 'பொதுவாக' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ஆங்கிலத்தில் 'வில்' வேண்டாம். 'நாளைக்கு' என்று போட்டால்தான் பொருள் வருகிறது என்றால் 'வில்' பற்றி யோசிக்கலாம்.

வழக்கத்தைச் சொல்லவும் ஆங்கிலேயர்கள் சில வேளை 'வில்' போடுவார்கள். "ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்" என்றால் அந்த ஆளின் குணமே அது என்ற தொனி வரும். 'வில்' மீது அழுத்தம் கொடுத்தால் சலிப்பும் சேரும். இந்தத் தொனி தானாகக் கைவரும் வரை நிகழ்காலமே பாதுகாப்பானது.

கேள்வி: "வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்று எழுதியதற்கு என் மகளுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். வருவதும் எதிர்காலம், சொல்வதும் எதிர்காலம். பிறகு ஏன் ஒரே ஒரு 'வில்'? – வாசகி, கும்பகோணம்

பதில்: மதிப்பெண் குறைத்தது சரிதான். "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்" என்று வர வேண்டும். 'வென்', 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்', 'ஒன்ஸ்', 'இஃப்', 'அன்லெஸ்' ஆகியவற்றோடு தொடங்கும் துணை வாக்கியத்தில், நடப்பது நாளையாக இருந்தாலும் ஆங்கிலம் நிகழ்காலத்தையே போடும். நாளை என்ற செய்தியை முதன்மை வாக்கியத்தின் 'வில்' சுமக்கிறது. அதை இரண்டு தடவை சுமக்க வேண்டியதில்லை.

தமிழும் இதே சிக்கனத்தைக் கடைப்பிடிக்கும் மொழி. "மழை பெய்தால் வர மாட்டேன்" என்பதில் 'பெய்தால்' என்பதன் அடி 'பெய்து' என்ற இறந்தகால வடிவம். "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்பதில் 'வந்ததும்' இறந்தகாலம். எதிர்காலச் செய்திக்கு எதிர்கால வடிவம் போடாமல்தான் நாமும் பேசுகிறோம். தடுமாற்றம் வருவது 'வரும்போது', 'வரும்வரை' போன்ற இடங்களில். இவற்றில் 'வரும்' என்று எதிர்கால வடிவம் வெளிப்படையாகத் தெரிவதால் கை தானாக 'வில்' போட்டுவிடுகிறது. அதனால்தான் 'இஃப்' வாக்கியத்தைச் சரியாக எழுதும் மாணவர் 'வென்' வாக்கியத்தில் தவறுகிறார்.

ஒரு விலக்கு உண்டு, தேர்வில் மாட்டிவிடுவதும் அதுதான். "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்" சரியான வாக்கியம். அங்கே 'வென்' என்பது 'போது' அல்ல, 'எப்போது' என்ற கேள்வி. "எப்போது வருவார் என்று தெரியாது". 'இஃப்' என்பதிலும் இதே வேறுபாடு. 'வந்தால்' என்ற பொருளில் "இஃப் ஹி கம்ஸ்". 'வருவாரா என்று' என்ற பொருளில் "ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்". தமிழில் 'என்று' வருமா என்று பாருங்கள். வந்தால் 'வில்' போடலாம். 'போது', 'ஆல்', 'உடன்', 'வரை' வந்தால் 'வில்' போடக் கூடாது.

கேள்வி: மேகம் கருத்திருக்கிறது. "இட் வில் ரெயின்" என்பதா, "இட் இஸ் கோயிங் டு ரெயின்" என்பதா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: "இட் இஸ் கோயிங் டு ரெயின்". கண்முன் அடையாளம் இருக்கிறது. தமிழிலும் வானத்தைப் பார்த்து "மழை பெய்யப் போகுது" என்றுதான் சொல்வோம். இரண்டு மொழிகளுமே 'போ' என்ற வினையைத்தான் துணைக்கு எடுத்திருக்கின்றன. 'செய்யப் போகிறேன்' வாயில் இயல்பாக வந்தால் 'கோயிங் டு' போடுங்கள். பெரும்பாலும் தவறாது.

அடையாளம் இல்லாமல், உங்கள் கருத்தாக, 'நினைக்கிறேன்', 'அநேகமாக' என்ற தொனியோடு சொல்வதற்கு 'வில்': "ஐ திங்க் இட் வில் ரெயின் நெக்ஸ்ட் வீக்". 'ப்ராபப்ளி' என்ற சொல் எங்கே உட்காரும் என்பதையும் சேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள். உடன்பாட்டில் 'வில்'லுக்குப் பின்னால்: "ஹி வில் ப்ராபப்ளி கம்". எதிர்மறையில் 'வோன்ட்'டுக்கு முன்னால்: "ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்".

மழைக்கு "இட் இஸ் ரெயினிங் டுமாரோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். 'இங்' வடிவம் மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு உரியது. மழையோடு யாரும் நேரம் குறித்துக்கொள்ள முடியாது. அதேபோல 'நோ', 'லைக்', 'பிலாங்' முதலிய நிலையைச் சொல்லும் வினைகளும் இந்த வடிவத்தில் எதிர்காலத்துக்கு வரா. முடிவு நாளை தெரியும் என்றால் "ஐ வில் நோ த ரிசல்ட் டுமாரோ". "நாளைக்குப் பரீட்சை இருக்கு" என்பதை "டுமாரோ ஐ ஆம் ஹேவிங் எக்ஸாம்" என்று சொல்லும் வழக்கமும் இந்த வகைத் தவறுதான். "ஐ ஹேவ் அன் எக்ஸாம் டுமாரோ" போதும்.

கேள்வி: 'ஐ', 'வி' என்றால் 'ஷல்', மற்றவர்களுக்கு 'வில்' என்று பழைய இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. இன்றும் அது கட்டாயமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: கட்டாயமில்லை. இன்றைய ஆங்கிலத்தில் எதிர்காலத்தைச் சொல்லத் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் 'வில்' பொருந்தும். 'ஐ ஷல்' தவறு ஆகிவிடவில்லை. கொஞ்சம் பழைய, கொஞ்சம் அலுவலகத் தோரணை தருகிறது.

இரண்டு சொற்களுமே முதலில் எதிர்காலத்துக்குப் பிறந்தவை அல்ல. 'வில்' என்பதன் பழைய பொருள் 'விரும்பு'. 'ஷல்' என்பதன் பழைய பொருள் 'கடன்பட்டிரு', அதிலிருந்து 'செய்தாக வேண்டும்'. விருப்பமும் கடமையும் நாளையைச் சேர்ந்தவை என்பதால் இரண்டும் எதிர்காலத் துணையாக மாறின. தன்மைக்கு 'ஷல்', முன்னிலைக்கும் படர்க்கைக்கும் 'வில்' என்ற விதியை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வைத்தார். பின்னால் வந்த பள்ளி இலக்கணங்கள் அதைத் தொடர்ந்தன. மக்கள் பேச்சு ஒருநாளும் அந்தப் பாகுபாட்டுக்குள் முழுசாக அடங்கவில்லை.

'ஷல்' உயிரோடு இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சட்டம். நம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு, இந்தியா "ஷல் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்" என்கிறது. என்றைக்கோ நடக்கப்போவதை அது சொல்லவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. 14-ஆம் பிரிவில் வரும் "த ஸ்டேட் ஷல் நாட் டினை" என்பதும் அப்படித்தான். ஒப்பந்தங்களிலும் டெண்டர் நிபந்தனைகளிலும் 'ஷல்' கண்டால் 'வேண்டும்' என்று படியுங்கள். 'வரும்', 'செய்யும்' என்று படித்தால் நிபந்தனையின் கட்டாயம் கண்ணில் படாமல் போய்விடும்.

இன்னொன்று கேள்வி, இது பேச்சுக்கு அன்றாடம் தேவை. "நான் வரவா?", "கதவைத் திறக்கட்டுமா?", "போகலாமா?" என்று கேட்கும் இடங்களில் "ஷல் ஐ கம்?", "ஷல் ஐ ஓபன் த டோர்?", "ஷல் வி கோ?" என்றுதான் சொல்ல வேண்டும். நம்மில் பலர் "வில் ஐ கம்?" என்கிறார்கள். அதற்கு 'நான் வருவேனா?' என்று பொருள். ஜோசியரிடம் கேட்கும் கேள்வி போல ஆகிவிடும்.

கேள்வி: 'வில் நாட்' சுருங்கினால் 'வில்ன்ட்' என்றுதானே வர வேண்டும்? 'வோன்ட்' எப்படி வந்தது? "ஐ வோன்ட் டீ" என்றேன், எனக்கு டீயே கொடுத்துவிட்டார்கள். – வாசகர், திருப்பூர்

பதில்: இடைக்கால ஆங்கிலத்தில் 'வில்' என்பதற்கு 'வொல்' என்றொரு வடிவமும் இருந்தது. 'வொல் நாட்' சுருங்கி 'வோன்ட்' ஆனது. பிறகு 'வொல்' வழக்கொழிந்தது, அதன் பிள்ளை மட்டும் நிலைத்துவிட்டது.

டீ வந்ததற்குக் காரணம் உச்சரிப்பு. வேண்டும் என்பது 'வான்ட்'. அதில் உள்ளது குறுகிய, வாய் திறந்த ஒலி. மாட்டேன் என்பது 'வோன்ட்'. 'கோ', 'நோ' என்பவற்றில் வரும் ஓகாரம் போல உதடு குவிந்து நீள வேண்டும். கூடவே உங்கள் வாக்கியத்தில் இலக்கணச் சிக்கலும் இருந்தது. 'வோன்ட்'டுக்குப் பின் வினை வந்தாக வேண்டும். "ஐ வோன்ட் ட்ரிங்க் டீ" என்றால் பொருள் வரும், ஆனால் அடம்பிடிக்கிற மாதிரி இருக்கும். "நோ டீ ஃபார் மி, தேங்க்ஸ்" போதுமானது.

அடம் என்றதும் ஒரு நயத்தைச் சொல்ல வேண்டும். 'வோன்ட்' எதிர்காலத்தை மட்டும் மறுப்பதில்லை, இப்போது நடக்கும் மறுப்பையும் சொல்லும். "த பைக் வோன்ட் ஸ்டார்ட்" என்றால் நாளை அல்ல, இப்போதே உதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், வண்டி கிளம்பவில்லை. தமிழில் இதற்கு அச்சு அசலான வடிவம் இருக்கிறது: "பைக் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது". "டப்பா மூடி திறக்க மாட்டேங்குது" என்பதற்கு "த லிட் வோன்ட் ஓபன்". இரண்டு மொழிகளும் உயிரில்லாத பொருளுக்குப் பிடிவாதத்தை ஏற்றிப் பேசுகிற அழகு இது.

கேள்வி: மாணவர்கள் "ஹி வில் கம்ஸ்", "ஐ வில் வென்ட்", "ஷி வில் கேன் டூ" என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருகிறது. – ஆசிரியை, செஞ்சி

பதில்: 'வில்'லுக்குப் பின்னால் வரும் வினையை அகராதித் தலைப்பில் இருக்கும் வடிவத்திலேயே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அகராதியில் 'கம்ஸ்', 'வென்ட்', 'கோயிங்' என்று தலைச்சொல் இருக்காது; 'கம்', 'கோ' என்றுதான் இருக்கும். 'டு' கூட வேண்டாம். "வில் டு கோ" தவறு. மாணவர்கள் 'ஸ்' ஒட்டுவதற்குக் காரணம், 'ஹி' வந்தால் 'ஸ்' வரும் என்று அவர்கள் நன்றாக மனப்பாடம் செய்திருப்பதே. 'வில்' வந்த பிறகு 'ஹி'யோடு ஒத்துப்போக வேண்டிய பொறுப்பு 'வில்'லுக்குப் போய்விட்டது. அந்த 'வில்' யாருக்கும் வடிவம் மாறாது.

'கேன்', 'மஸ்ட்' இரண்டும் 'வில்' சாதியைச் சேர்ந்த துணைவினைகள். ஒரு வாக்கியத்தில் இப்படி இரண்டு அடுத்தடுத்து நிற்காது. 'முடியும்' என்பதற்கு "வில் பி ஏபிள் டு", 'வேண்டியிருக்கும்' என்பதற்கு "வில் ஹேவ் டு". "நாளைக்கு சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கும்": "வி வில் ஹேவ் டு லீவ் எர்லி டுமாரோ". "வர முடியாது" என்று விடுப்புக் கடிதத்தில் எழுத "ஐ வில் நாட் பி ஏபிள் டு கம்".

இன்னொரு கலப்பு "ஐ வில் கோயிங்", "ஐ வில் பி கோ". ஒரு நாள் வகுப்பில் கரும்பலகையில் 'வில் கோ', 'வில் பி கோயிங்' இரண்டை மட்டும் எழுதிவைத்து, 'பி' வந்தால் 'இங்' வரும், 'பி' இல்லாவிட்டால் 'இங்' இல்லை என்று பத்து வினைகளை மாற்றி மாற்றிச் சொல்லவைத்தால் இது தீரும். விதியைச் சொல்வதைவிட வாய்ப்பழக்கம் இங்கே வேகமாக வேலை செய்யும்.

கேள்வி: மின்னஞ்சலில் "த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே" என்று எழுதினால் மரியாதையாக இருக்குமா? – வாசகர், சென்னை

பதில்: மரியாதை கூடாது, சந்தேகம்தான் கூடும். 'வுட்' என்றால் ஏதோ ஒரு நிபந்தனை பாக்கி இருக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'நடக்கும், ஆனால்...' என்று தொங்கும். கூட்டம் உறுதி என்றால் "வில் பி ஹெல்ட்". "ஐ வுட் பி அட்டெண்டிங்" என்பதும் அப்படியே. "ஐ வில் அட்டெண்ட்" என்று எழுதுங்கள்.

'வுட்' மரியாதை தருவது வேண்டுகோளில்: "வுட் யூ ப்ளீஸ் சென்ட் த ஃபைல்?" அடுத்து, நேற்று ஒருவர் சொன்ன எதிர்காலத்தை இன்று எடுத்துச் சொல்லும்போது: "ஹி செட் ஹி வுட் கம்". "வருவதாகச் சொன்னார்" என்பதில் தமிழ் 'வருவது' என்றே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலம் 'செட்' என்ற இறந்தகாலத்துக்கு ஏற்ப 'வில்'லை 'வுட்' ஆக்குகிறது. 'செய்யலாம்னு இருந்தேன், செய்யவில்லை' என்பதற்கு "ஐ வாஸ் கோயிங் டு டூ இட்".

கேள்வி: "ஐ வில் ஃபினிஷ் வித்தின் ஃபைவ் ஓ க்ளாக்" சரியா? 'வில் ஹேவ்' எப்போது வரும்? – வாசகி, ஈரோடு

பதில்: 'அஞ்சு மணிக்குள்ள' என்ற 'குள்'தான் 'வித்தின்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் 'வித்தின்' கால அளவோடு மட்டும் சேரும்: "வித்தின் டூ அவர்ஸ்". கடிகார நேரம், தேதி, கிழமை என்றால் 'பை': "பை ஃபைவ் ஓ க்ளாக்", "பை ஃப்ரைடே". '5 மணி வரை' என்றால் 'அன்டில்'. 'வரை' செயல் நீடிப்பதைச் சொல்லும், 'க்குள்' செயல் முடிவதைச் சொல்லும். இந்த வேறுபாடு தமிழில் உங்களுக்குத் தெளிவாக இருப்பதால் 'வரை என்றால் அன்டில், க்குள் என்றால் பை' என்று இணைத்துக்கொண்டால் போதும்.

'இரண்டு நாள் கழித்து வருகிறேன்' என்பதை "ஐ வில் கம் ஆஃப்டர் டூ டேஸ்" என்று சொல்லும் பழக்கமும் நம்மிடம் உண்டு. இன்றிலிருந்து எண்ணினால் 'இன்': "ஐ வில் கம் இன் டூ டேஸ்". 'ஆஃப்டர்' என்றால் இரண்டு நாள் ஆன பிறகு எப்போது வேண்டுமானாலும் என்று கேட்பவர் புரிந்துகொள்ளக்கூடும். பொருள் அனுப்புவது, பணம் கட்டுவது போன்ற விஷயங்களில் இந்த ஒரு சொல்லால் சண்டை வரலாம்.

'வில் ஹேவ்' என்பது நம் 'முடித்திருப்பேன்'. "பை ஃபைவ் ஓ க்ளாக் ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்": நீங்கள் 5 மணிக்கு வந்து பார்க்கும்போது வேலை முடிந்த நிலையில் இருக்கும். ஆனால் தமிழின் 'இருப்பேன்', 'இருப்பார்' இன்னும் இரண்டு வேலை பார்க்கிறது, அதில் ஒன்றுக்கு 'வில்' வராது. "இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்" என்ற ஊகத்துக்கு 'வில் ஹேவ்' சரி: "ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்". "நீ உதவி செய்திருந்தால் முடித்திருப்பேன்" என்பதோ நடக்காமல் போனது. அதற்கு "ஐ வுட் ஹேவ் ஃபினிஷ்ட்". 'செய்திருந்தால்', 'வந்திருந்தால்' என்று வினையோடு ஒட்டிய 'இருந்தால்' கண்ணில் பட்டால் 'வுட் ஹேவ்' என்று நினைவில் வையுங்கள்.

ஊகம் என்று சொன்னதால்: கதவு தட்டும் சத்தம் கேட்டு "தபால்காரரா இருக்கும்" என்கிறோம். அவர் இப்போதே வாசலில் நிற்கிறார், எதிர்காலம் இல்லை. ஆங்கிலமும் இங்கே "தட் வில் பி த போஸ்ட்மேன்" என்கிறது. 'இருக்கும்' என்பதும் 'வில் பி' என்பதும் ஒன்றாகப் பொருந்தும் இடம் இது. தயங்காமல் மொழிபெயர்க்கலாம்.

கேள்வி: "வில் யூ பி யூசிங் த கார் டுமாரோ?" என்பதில் ஏன் சுற்றி வளைத்து 'வில் பி யூசிங்'? – வாசகர், மதுரை

பதில்: "வில் யூ யூஸ்" என்றால் பயன்படுத்துவீர்களா என்று உங்கள் விருப்பத்தைக் கேட்பது போல, சில நேரம் கேட்டுக்கொள்வது போலவும் தொனிக்கும். 'வில் பி யூசிங்' என்றால் ஏற்கெனவே இருக்கும் திட்டத்தை விசாரிப்பது மட்டுமே. கார் தேவையென்று நேராகச் சொல்லாமல் கேட்க இது வசதி. "நாளைக்குக் கார் உங்களுக்கு வேலையா இருக்குமா?" என்று நாம் கேட்பதுபோல. இன்னொரு பயன், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நடந்துகொண்டிருப்பது: "அட் டென் ஐ வில் பி ட்ராவலிங்", அதாவது பத்து மணிக்கு வண்டியில் போய்க்கொண்டிருப்பேன், அப்போது கூப்பிடாதீர்கள்.

கேள்வி: நாளிதழ்த் தலைப்பில் "ஸ்கூல்ஸ் டு ரீஓபன் ஆன் மண்டே" என்று வருகிறது. 'வில்' எங்கே? – மாணவர், விழுப்புரம்

பதில்: இடம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். முழு வாக்கியம் "ஸ்கூல்ஸ் ஆர் டு ரீஓபன்". 'ஆர்' போய்விட்டது. 'டு' போட்ட வினை தலைப்பில் வந்தால் 'இனி நடக்கும்' என்று படியுங்கள். தலைப்பில் 'ரீஓபன்' என்று வெறுமனே இருந்தால் ஏற்கெனவே திறந்தாகிவிட்டது என்று பொருள். கீழே செய்தியில் அதே விஷயம் 'வில் ரீஓபன்' என்று முழுதாக வரும். நீங்கள் கட்டுரை எழுதும்போது செய்தியின் நடையை எடுத்துக்கொள்ளுங்கள், தலைப்பின் நடையை வேண்டாம்.

கேள்வி: 'கோயிங் டு' என்பதை 'கானா' என்று எழுதலாமா? – மாணவி, திருவாரூர்

பதில்: எழுதாதீர்கள். அது பேச்சில் வேகமாகச் சொல்லும்போது விழும் ஒலி. நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காதில் விழும்போது புரிந்தால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 'போகிறேன்' என்று உண்மையாகவே ஓர் ஊருக்குப் போவதைச் சொல்லும் 'கோயிங் டு' ஒருபோதும் 'கானா' ஆகாது. "ஐ ஆம் கோயிங் டு தஞ்சாவூர்" என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'கோயிங் டு' என்றே நிற்கும். வினை பின்னால் வந்தால் மட்டுமே அது சுருங்கும்.